நொச்சிக்குப்பம் வேதநாயகத்தின் பிரேதம்

மனுதாரர்:
ஜெசிந்தா, காலஞ்சென்ற படகோட்டி வேதநாயகத்தின் பெண்சாதி,
நொச்சிக்குப்பம், மயிலாப்பூர், சென்னை.

சமூகம்:
கடல் கடந்து செல்லும் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி துரையவர்கள்,
சென்னை.

விஷயம்: கொழும்பில் அடித்துக் கொல்லப்பட்டு, குருவானவர் இல்லாமல் புதைக்கப்பட்ட என் புருஷனின் பிரேதத்தைத் தோண்டியெடுத்துச் சென்னைக்குத் தருவிப்பதும், மண்டபம் முகாமில் இருவரை உடனே நிறுத்திவைப்பதும் குறித்து.

கனம் பொருந்திய ஐயா,

நான் சாந்தோம் கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவள். கடற்கரை ரோட்டில் மீன் விற்றுப் பிழைக்கிறேன். தங்கள் வேலைக்கு நடுவில் இதை முழுவதும் படிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற வருஷம் மழை முடிந்ததும், சிந்தாதிரிப்பேட்டையிலிருக்கும் கபாலி என்கிற மேஸ்திரி, கொழும்புத் துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி ஏற்றும் வேலைக்கென்று எங்கள் குப்பத்தில் ஆள் சேர்த்தான். இதை எழுதுகிறவர் ‘சேர்த்தார்’ என்று போடலாம் என்கிறார். என் வாயில் அது வரவில்லை, மன்னிக்கவும். என் புருஷன் வேதநாயகமும் பக்கத்துக் குடிசைக் கோபாலும் அவனோடு போனார்கள்.

என் புருஷனைச் சாது என்று சொல்ல நான் வரவில்லை. கோபக்காரர். மாதா திருநாளில் தேர் இழுக்கும் தகராறில் ஒருவன் பல்லை உடைத்தவர். ஆனால் விழுந்து கிடப்பவன்மேல் அவர் கை வைத்ததில்லை, பிறர் வைத்தால் பார்த்துக்கொண்டு நின்றதுமில்லை. அவர் உயிர் போனது அதனால்தான்.

நடந்ததைக் கூட இருந்து பார்த்தவர் கோபால். அவர் சொன்னது இது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காய்ச்சலோடு கரிக்கூடை சுமந்த ஒரு கூலியாள், கரையிலிருந்து கப்பலுக்கு ஏறும் பலகையின்மேல் சுருண்டு விழுந்தார். கபாலி அவர் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தான். என் புருஷன் கூடையை இறக்கிவிட்டு, “மனுசன் உயிரு போய்க்கினு கீது, இன்னாத்துக்கு நைனா ஒதைக்கிறே?” என்று கேட்டார். கபாலி மறுபடியும் காலைத் தூக்கினான். அந்தக் காலையே பிடித்து அவனைக் கடலில் தள்ளினார். கபாலிக்கு நீந்தத் தெரியாது. அவன் முங்குவதைக் கண்டு என் புருஷனே குதித்து, மயிரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். கரிக்கூலிகள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தள்ளியதைக்கூடப் பொறுத்திருப்பான், அந்தச் சிரிப்பைத்தான் அவன் பொறுக்கவில்லை என்கிறார் கோபால்.

மறுநாள் ஞாயிறு. என் புருஷன் பூசை கண்டுவிட்டு வெளுத்த சட்டையோடு, கூலிகள் தங்கும் லயத்துக்குத் திரும்பி வந்தார். கபாலியின் ஆட்கள் நாலு பேர் கரி அள்ளும் இரும்புச் சட்டுவத்தோடு வாசலில் நின்றார்கள். கபாலி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. அவர் திரும்பி, ஒருவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். மற்ற மூவரும் முழங்காலில் அடித்து அவரைச் சாய்த்தார்கள். கீழே விழுந்த பிறகு முகத்தை மறைக்க இரண்டு கைகளையும் தூக்கினார். அந்தக் கைகளின்மேல் சட்டுவத்தின் விளிம்பால் கொத்தினார்கள். குறுக்கே பாய்ந்த கோபாலின் வலது கை முறிந்தது. “போதும், வுட்ருங்க” என்று லயத்துப் பெண்கள் கத்தினார்கள். கபாலி, “இப்ப சிரிங்கடா பாப்போம்” என்றானாம். அப்புறமும் அடித்தார்கள்.

பலகையிலிருந்து வழுக்கிக் கப்பலின் அடித்தளத்தில் விழுந்து செத்தார் என்று கபாலி எல்லோரிடமும் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அங்கே கப்பல் வேலையே இல்லை. அன்று மாலையே கரிச்சாக்கில் சுற்றி, லயத்துக்குப் பின்னால் இருக்கும் பொட்டல் நிலத்தில் புதைத்துவிட்டார்கள். சாமியாருக்குச் சொல்லியனுப்பவில்லை. ஒரு சிலுவைகூட நடவில்லை. இடம் கோபாலுக்குத் தெரியும். கையைத் துணியால் கட்டிக்கொண்டு அவர் ஊர் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தாலி அறுந்த சேதி தெரியும்.

பிரேதத்தைக் கேட்டு நான் நாலு பேரிடம் போனது, மறுபடி ஆள் சேர்க்கச் சென்னைக்கு வந்திருந்த கபாலி காதுக்கு எட்டியது. போன வாரம் இரண்டு ஆட்களோடு அவன் குப்பத்துக்கே வந்தான். நான் ரோட்டோரத்தில் வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தேன். “இன்னாத்துக்குப் பொணத்தைக் கேட்டுக்கினு அலையறே? அது மண்ணாப் பூட்டுது. வோணாம்னு இதுல கை நாட்டு வை” என்று ஒரு காகிதத்தை நீட்டினான். “என் புருசன் ஒன்னத் தண்ணியிலேர்ந்து தூக்கினாரு. நீ அவரை மண்ணுலேர்ந்து தூக்கியா” என்றேன். அவன் ஆள் என்னை மீன் பலகைமேல் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்தான். இன்னொருவன் என் பெருவிரலை முறுக்கி மையில் அழுத்தினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் மணிக்கட்டைக் கடித்தேன், சதை வாயோடு வந்தது. என் மாமியார் தேசம்மா துடுப்பை எடுத்து வந்து, என் முதுகிலிருந்தவன் காதோடு அடித்தாள். அவன் ரத்தம் என் மீன்மேல் சொட்டியது. அப்படியும் ரேகையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அந்த ரேகை என் சம்மதத்தால் வைத்ததல்ல. பிரேதம் வேண்டாம் என்று நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. போலீசிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று கபாலி புதிதாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டு எழும்பூரில், கொழும்புக் கப்பலுக்கு ஆள் கொண்டுபோகும் போட் மெயில் ரயில் ஏறினான். நாங்கள் பெண்கள் சிலர் கோபாலையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், கோபாலின் முறிந்த கையை அந்த ஆட்களிடம் காட்டினோம். பாதிப் பேர் மூட்டையோடு திரும்பி வந்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் தம்பி மிக்கேல் இல்லை. சுறா அறுக்கும் கத்தியும் இல்லை. அவன் வேறு பெட்டியில் அதே ரயிலில் போயிருக்கிறான். கோபாலிடம் மட்டும், “மாமாவைத் தோண்டி எடுத்துக்கினு வருவேன். கபாலி குறுக்க வந்தா, அதே குழியில அவனைப் போட்டு மூடிட்டு வருவேன்” என்று சொல்லியிருக்கிறான். சொன்னதைச் செய்கிறவன். அவனுக்கு வருகிற தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறோம்.

கொழும்பு போகிறவர்களை மண்டபம் முகாமில் சில நாள் வைத்திருந்துதான் கப்பலேற்றுவார்கள் என்று கேள்விப்பட்டேன். இருவரும் இப்போது ஒரே வேலிக்குள் இருப்பார்கள். ஆகவே ஐயா அவர்கள் இன்றே முகாமுக்குத் தந்தி கொடுத்து, மிக்கேலிடமிருந்து கத்தியை வாங்கி அவனை ஊருக்குத் திருப்பியனுப்பவும், கபாலியைக் கடல் தாண்ட விடாமல் போலீசாரிடம் ஒப்புவிக்கவும் வேண்டுகிறேன். கொழும்பு அதிகாரிகளுக்கு எழுதி, கோபால் காட்டும் இடத்தில் பிரேதத்தைத் தோண்டித் தகரம் பதித்த பெட்டியில் வைத்து இங்கே அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். அடக்கத்துக்கு முன் சர்க்கார் டாக்டர் ஒருவர் அந்தப் பின்மண்டையையும் இரண்டு முன்கைகளையும் பார்க்க வேண்டும். வழுக்கி விழுந்தவன் கை அப்படி இருக்குமா என்று அவர் சொல்லட்டும். சதை போயிருந்தால் எலும்பாவது வரட்டும். சாமியார் மந்திரித்த மண்ணில் நாங்கள் புதைத்துக்கொள்கிறோம்.

கபாலி சாக வேண்டும் என்று என் மனசும் கேட்கிறது. அதை மறைத்து எழுதச் சொல்லவில்லை. ஆனால் அவனுக்காக என் தம்பியைத் தூக்குக்கயிற்றில் கொடுக்க மாட்டேன். ஐயா, ஒரு சவப்பெட்டி வருவதற்காகத்தான் தங்கள் வாசலில் நிற்கிறேன். இரண்டாவது பெட்டிக்கும் நானே வந்து நிற்கும்படி செய்துவிடாதீர்கள்.

இடம்: நொச்சிக்குப்பம், சென்னை
தேதி: 14 செப்டம்பர் 1934

இப்படிக்கு, தங்கள் உத்தரவை எதிர்பார்த்து வாசலிலேயே காத்திருக்கும்,
ஜெசிந்தா

மனுதாரர் சொல்லச் சொல்ல எழுதி, திரும்பப் படித்துக் காட்டியவர்:
ராமானுஜம், வக்கீல் குமாஸ்தா, மயிலாப்பூர்