கல்லாகத் தீட்டிய மேஜை

ஈசா டவுன்
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அருமை மகள் ஸஹ்ராவுக்கு உம்மா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை ஹஸ்னைனும் அந்தக் கனடாப் பனியில நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தொழுது முடிச்சு கையேந்தும்போதெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கேன். எங்க உடம்புக்கு ஒரு குறையும் இல்ல, வாப்பாவுக்கு சுகர் கட்டுக்குள்ள இருக்கு, எனக்கு முழங்கால் மட்டும் மாடி ஏறினா குத்துது. இங்க வளைகுடாவுல அதுக்குள்ள வெயில் ஏறிப்போச்சு, ஏசியை நிறுத்த முடியல. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்னு தெரியும், அதான் பெருசு பெருசா எழுதுறேன், அவசரப்படாமப் படி. இது போன்ல சொல்ற சங்கதி இல்ல, நீ கூப்பிடுற நேரமெல்லாம் வாப்பா பக்கத்துல இருக்காங்க.

நீ கல்யாணம் முடிஞ்சு போனதுலேர்ந்து பகல் பூரா வீட்ல நான் ஒருத்திதான். வாப்பா காலையில பழைய சாமான் சந்தையில இருக்குற நம்ம கடைக்குப் போனா ராத்திரிதான் வர்றாங்க. கடையில விலைபோகாம கிடக்குற கீறல் விழுந்த அலமாரி, கறை படிஞ்ச மேஜையெல்லாம் என்கிட்ட கொண்டாந்து போடுவாங்க, நான் உன் ரூம்ல பழைய பெட்ஷீட்டை விரிச்சு பெயிண்ட் அடிப்பேன். மலிவு மரத்தைத் தேக்கு மாதிரி ஆக்குறது சுலபம், ஒரு ரப்பர் சீப்பு இருக்கு, ஈரப் பெயிண்ட்ல இழுத்தா ரேகை தானா விழும். மார்பிள்தான் பாடாப்படுத்தும். வெள்ளை அடிச்சு, உப்புத்தாள் போட்டு, மேல சாம்பல் நிறத்தைத் தண்ணியாப் பூசி ஸ்பாஞ்சால ஒத்தி, அது காயுறதுக்குள்ள புறா இறகால கல்லுல ஓடுற நரம்பு மாதிரி கோடு இழுக்கணும், கை லேசா நடுங்கணும், நேரா இழுத்தா பொய்னு தெரிஞ்சிரும். ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு வட்ட மேஜைக்கு அப்படிப் போட்டு, மூணு தடவை வார்னிஷ் அடிச்சு முடிச்சேன். யாருகிட்டயாவது காட்டணும்போல இருந்துச்சு, அங்க உனக்கு அப்ப விடியல. மறுநாள் வாப்பா அதைக் கடைக்கு எடுத்துட்டுப் போய், அன்னிக்கே வித்துட்டாங்க.

நம்ம பில்டிங் மூணாவது மாடியில கனகான்னு ஒரு நர்ஸ் புதுசா குடி வந்திருக்கு, கரூர்ப் பக்கம். லிஃப்ட்ல பார்த்தா அக்கா அக்கான்னு கையைப் பிடிச்சுக்கும். நீ போனதுக்கப்புறம் என் கையைப் பிடிச்சுப் பேசின ஆளு அது ஒண்ணுதான். ஒருநாள் லீவுன்னு டீக்குக் கூப்பிட்டுச்சு. போய் உட்கார்ந்தா முன்னால என் மேஜை நிக்குது. இத்தாலிக் கல்லுக்கா, சந்தையில ஒரு தமிழ் பாய் கடையில வாங்கினோம், பெரியவரு சத்தியம் பண்ணிக் குடுத்தாருன்னு பெருமையா சொல்லுச்சு. அந்தப் பெரியவர் யாருன்னு அதுக்குத் தெரியாது. சொல்லிட்டே அடுப்புலேர்ந்து டீச்சட்டியை இறக்கி நேரா மேஜை மேல வைக்க வந்துச்சு, துணி வைம்மான்னு பதறினேன், கல்லுக்கு என்னக்கா ஆகும்னு சிரிச்சுக்கிட்டே வச்சுருச்சு. எடுக்கும்போது வார்னிஷ் வட்டமாப் பொங்கி, பெயிண்ட் சட்டியோட உரிஞ்சு வந்துச்சு, அடியில மரம். பேசாம இருந்திருக்கலாம் ஸஹ்ரா. முடியல. இதைத் தீட்டினது நான்தான், அந்தக் கடை என் வீட்டுக்காரவங்களோடதுன்னு சொல்லிட்டேன். அது கத்தவெல்லாம் இல்ல. அப்ப நீங்களும் சேர்ந்துதானாக்கான்னு மெதுவா கேட்டுச்சு. டீ குடிக்காம வந்துட்டேன்.

மறுநாள் அது புருஷன் அருள்முருகன் மேஜையைக் கடைக்குத் தூக்கிட்டு வந்து, நாலு கடைக்காரவங்க பார்க்க எறக்கி வச்சிருக்கார். வாப்பா மறுபேச்சுப் பேசாம காசைத் திருப்பிக் குடுத்துட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டாமலே, முப்பது வருஷம் நான் எடுத்த பேரை நீ ஒரு டீக்கு வித்துட்டேன்னு சொன்னாங்க. பேரை விக்கல, பெயிண்டைக் கல்லுன்னு வித்தது நீங்கதான்னு நானும் சொல்லிட்டேன். அதோட சரி. இன்னியோட இருபத்திநாலு நாள் ஆச்சு. சோறு வச்சா சாப்பிடுறாங்க, உப்புக் குறைஞ்சா தானே எழுந்து போய் எடுத்துக்கிறாங்க. நீ வீடியோவுல வர்றப்ப மட்டும் ஒரே சோபாவுல உட்கார்ந்து சிரிக்கிறோம். சொன்னது தப்புன்னு நான் நினைக்கல. ஆனா முதல்ல வீட்டுக்கு வந்து அவங்ககிட்ட சொல்லியிருக்கணும், அவங்களே போய்த் திருப்பிக் குடுக்க வழி விட்டிருக்கணும், அது மட்டும் மனசுல கிடந்து உறுத்துது. கனகா என்னைப் பார்த்தா லிஃப்டை விட்டுட்டுப் படியில ஏறிப்போகுது.

திங்கக்கிழமை சோறாக்கி மீன் ஆணம் வச்சு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். நான் மார்பிள் போட்ட சின்ன அலமாரி ஒண்ணு வாசல்லயே நின்னுச்சு, அதுல ஒரு அட்டை கட்டித் தொங்குது, அரபியில வாப்பா கையால எழுதினது. குர்ஆன் ஓதத் தெரிஞ்ச எனக்கு எழுத்து தெரியுது, அர்த்தம் தெரியல. பக்கத்துக் கார்ப்பெட் கடை முகம்மது சித்தீக் காக்காகிட்ட கேட்டேன். இது கல் இல்ல, மரத்து மேல பெயிண்ட், என் மனைவியோட கைவேலைன்னு எழுதியிருக்கும்மான்னு சொன்னாங்க. வாப்பா ஒரு பழைய ஃபேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, என்னை ஏறிட்டுப் பார்க்கல. சாப்பாட்டை வச்சுட்டு வந்துட்டேன். பஸ்ல முக்காட்டை முன்னால இழுத்துவிட்டுக்கிட்டேன். வீட்ல இன்னும் பேச்சில்ல, யாரு முதல்ல வாயைத் திறக்குறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல.

பனியில வழுக்காத செருப்பாப் போட்டுக்க, ஃபஜ்ர் தொழுகையை விடாதே. மாப்பிள்ளையோட ஒரு மனத்தாங்கல் வந்தா அன்னிக்கே பேசித் தீர்த்துரு, ஒரு நாள் விட்டா அது நாலு நாளாயிரும். அல்லாஹ் உங்க ரெண்டு பேருக்கும் நல்ல ஆயுசும் பரக்கத்தும் குடுக்கட்டும். இதெல்லாம் தெரிஞ்ச மாதிரி வாப்பாகிட்ட காட்டிக்காதே. ஒண்ணு மட்டும் மறக்காம செய், இது கிடைச்சதும் வர்ற வெள்ளிக்கிழமை என் நம்பருக்குக் கூப்பிடாதே, வாப்பா போனுக்குக் கூப்பிடு. கொஞ்ச நேரம் பேசிட்டு, உம்மாகிட்ட குடுங்க வாப்பான்னு சொல்லு. நான் அப்ப அடுப்படியில இருந்துக்கிறேன், அவங்க என்னைக் கூப்பிட்டுத்தான் ஆகணும்.

உன் உம்மா
ரஹீமா பீவி