ஒரு சாண் வெற்று மண்

9-5-65, ஞாயிறு. செஞ்சி.

காலை எட்டுக்கே வெயில் சுட்டது. ஏரியில் மூன்றாவது வருடமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. நடுப்பள்ளத்தில் மட்டும் அடியில் ஈரம். அந்தச் சேற்றை அடுக்கடுக்காக எடுக்கக் குழாய் இறக்கிக் கொடுத்தவர் சூசை. ஏரிப் பாசனத்தில் முக்கால் காணி நிலம் வைத்திருப்பவர். மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்துவிட்டார். பதினொரு அடி. அதற்குக் கீழே பாறை. உள்ளங்கை இரண்டும் கொப்புளம் (எனக்கு, அவருக்கு ஒன்றுமில்லை).

"இன்னா சார், சேத்துல இன்னாத்த தேடறீங்க?"

மகரந்தம் என்றேன். பழைய காலத்துப் பூக்களின் தூள். எந்த அடுக்கில் எந்தச் செடியின் தூள் என்று பார்த்தால் அன்றைய மழை, வெயில் தெரியும்.

"அப்ப ஏரிக்கி ஜாதகம் பாக்கறீங்க."

10-5, திங்கள்.

அறையிலேயே ஸ்டவ்வில் சேற்றைக் காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்கவைத்தேன். நாற்றம். வீட்டுக்காரம்மாள் கதவைத் தட்டி, "இன்னா கொழம்பு சார் இது?"

கல்லூரியிலிருந்து கொண்டுவந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மேல் அடுக்குகளில் புல், கோரை, அல்லி. நடுவில் ஒரு சாண் ஆழத்துக்கு ஒன்றுமே இல்லை. ஆறு ஸ்லைடும் வெறும் மணல். கொதிக்கவைத்ததில் கெடுத்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்குக் கீழே மறுபடி அல்லி, நிறைய.

மாலையில்தான் உறைத்தது. ஈரத்தில் கிடக்கும் மகரந்தம்தான் தங்கும், காய்ந்தால் மக்கிவிடும். ஆக, ஏரி ஒரு காலத்தில் அடியோடு காய்ந்திருக்கிறது. பிறகு நிறைந்திருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

11-5, செவ்வாய்.

சூசை வீடு. நாளை அவலூர்பேட்டைச் சந்தையில் உழவு மாடு இரண்டையும் விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூர் கிளம்புவதாக ஏற்பாடு. மச்சானுக்கு அங்கே கட்டட வேலை.

"இதுக்கு மின்ன இந்த ஏரி இப்டி காஞ்சி இருக்குதா சார்?"

"காஞ்சிருக்கு."

"தண்ணி திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சு."

சூசை எழுந்து நின்றுவிட்டார். உள்ளே பார்த்து மனைவியிடம், "ஆரோக்கியம், மாட்ட விக்கல!" என்றார்.

எத்தனை வருடத்தில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

12-5, புதன்.

ஒரு சாண் மண். பத்து, இருபது வருடத்தில் சேருகிற மண்ணா அது? எத்தனை தலைமுறை என்று எனக்கே தெரியாது. படித்தவன் செய்கிற காரியமா இது.

காலை பஸ் வரவில்லை. சூசை ஊருக்கு நடந்து போய்ச் சேர மதியம் இரண்டு. சூசை மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போயிருந்தார். ஆரோக்கியத்திடம் சொன்னேன்: ஏரிக்குத் தண்ணீர் திரும்பி வந்தது மெய்தான், ஆனால் உங்கள் காலத்திலேயே வரும் என்று என்னால் சொல்ல முடியாது.

கட்டியிருந்த மாடுகளைக் காட்டினார்.

"நேத்தே சொல்லியிருந்தா வெடிகாலைல ஓட்டிக்கினு போயிருப்போம் சார். இனிமே அடுத்த சந்ததான். அதுவரிக்கும் போட வைக்கோல் இல்ல."

திரும்பும் வழியெல்லாம் வைக்கோல் விசாரித்தேன். எங்கும் இல்லை.