நிற்கிற மோட்டாரைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்

பாசமுள்ள அண்ணே, ராஜபாளையத்து பஸ் கண்டக்டர்கள் அத்தனை பேரையும் அலுக்க வைத்த என் அண்ணே,

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. இப்போது என்மேலும் சேர்ந்துகொண்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா மகள் கல்யாணம் நினைவிருக்கிறதா? இந்தா என்றால் வந்துவிடும் ஊர். பாதி வழியில் பஸ்ஸில் எழுந்து நின்றாய்.

"பூட்ட இழுத்துப் பாத்தியாலே?"

"பாத்தேன்ணே."

"நல்லா இழுத்தியா?"

"இன்னும் இழுத்தா கதவு கையோட வந்துரும். உக்காருண்ணே."

நீ உட்காரவில்லை. இரண்டு தடவை இறங்கி வீட்டுக்குத் திரும்பினோம். இரண்டு தடவையும் பூட்டு பூட்டினபடியே தொங்கியது. மண்டபத்துக்குள் நாம் நுழைந்தபோது கடைசிப் பந்தியின் இலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதினி அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை.

மில்லில் மட்டும் உனக்கு நல்ல பேர். எலக்ட்ரீசியன் என்றால் இப்படி இருக்க வேண்டும், மெயின் சுவிட்சைப் பத்து தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான் என்று மேஸ்திரி மெச்சுவார். ஷிப்ட் முடிந்தும் நீ அந்த சுவிட்ச் முன்னால் வேர்த்துப்போய் நின்றதை யார் பார்த்தார்கள்? பொறுப்பு என்றார்கள். அம்மாவும் அதையே சொன்னாள்.

நான் பெரிய டிப்ளமோக்காரன், மதுரையில் ஸ்கேன் மெஷின் சர்வீஸ் செய்கிறவன். மண்டைக்குள் பழுது இருந்தால் படத்தில் தெரிந்துவிடும் என்று உன்னைக் கூட்டிப்போய் சி.டி. மெஷினில் படுக்க வைத்தேன். படத்தில் ஒரு குறையும் இல்லை. அதை உன் கையில் கொடுத்து என்ன சொன்னேன்?

"அம்புட்டும் நல்லாருக்கு. இனிமே நடிக்காதண்ணே."

மறுநாளிலிருந்து நீ அந்தப் படத்தையும் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, "ஒண்ணுமில்லன்னுதான போட்டிருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தாய். தினமும். நான் ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஆஸ்பத்திரியில் மெஷினைக் கழற்றிப் போட்டிருந்தபோது, மனநல டாக்டர் ஒருவர் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைக் காட்டினார். அதில் போட்டிருந்தது வேறு வகை ஸ்கேன். சி.டி. மூளையின் வடிவத்தைத்தான் காட்டும். இது, மூளையில் எந்த இடம் எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று காட்டும். உன்னைப் போல சந்தேகம் விடாதவர்களுக்குக் கண்ணுக்கு மேலே முன்பக்கமும், உள்ளே ஆழத்தில் ஒரு பகுதியும் மற்றவர்களைவிட அதிகமாக எரிக்கின்றனவாம். மாத்திரையால் தேறியவர்களுக்கும் சரி, சரிபார்க்காமல் இருக்கப் பழகித் தேறியவர்களுக்கும் சரி, பிறகு எடுத்த படத்தில் அந்த உள்பகுதி அடங்கியிருந்ததாம்.

எலக்ட்ரீசியனுக்கு இதை விளக்க வேண்டுமா? நிற்கிற மோட்டாரைத் திறந்து பார்த்து, உள்ளே சுற்றிய காயில் கம்பி கருகவில்லை, மோட்டார் நல்ல மோட்டார் என்று சொல்லிவிட்டேன். ஓடும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்கவே இல்லை. மில்லில் எந்தப் பயலாவது இப்படிச் செய்தால் நீ சும்மா விடுவாயா?

இப்போது உன் மகள் செல்வி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பள்ளிக்கூடப் பையைப் பிரித்துப் பிரித்து அடுக்குகிறாள். பூட்டை இழுத்து உள்ளங்கை காய்த்துவிட்டது. முதல் மணி அடிக்கும்போதும் வீட்டு வாசலில்தான் நிற்கிறாள். அம்மாவுக்கோ பூரிப்பு.

"அப்பனக் கொண்டு பொறந்தவ. எம்புட்டுப் பொறுப்பு பாரு."

"அது பொறுப்பில்லம்மா, நோவு" என்று கத்தினேன்.

"உனக்கு அவனையும் ஆகாது, அவன் புள்ளையையும் ஆகாது" என்றாள்.

வியாழக்கிழமை செல்வியையும் மதினியையும் அந்த டாக்டரிடம் மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் பஸ். பாதி வழியில், "பூட்டியாச்சா சித்தப்பா?" என்று கேட்பாள். ஒரு தடவை பதில் சொல்வேன். மறு தடவை கேட்டால் சொல்ல மாட்டேன். சொல்லச் சொல்லத்தான் சந்தேகம் வளருமாம். நடிக்கிறாய் என்றும் சொல்ல மாட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் கையை நான் அப்படிப் பிடித்ததே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்வரை அந்தக் கையை விட மாட்டேன், அண்ணே.

அன்றைக்குப் பூட்டை நன்றாகத்தான் இழுத்துப் பார்த்த,
உன் தம்பி