மூன்றாம் மாடி நுளம்புப் போத்தல்

சிவமயம்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் சுபோதினிக்கு,

அப்பா எழுதுவது. முருகன் அருளால் இங்கே நடமாடித் திரிகிறேன், அங்கே நீயும் மருமகனும் சின்னவனும் லண்டன் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் தினசரி மன்றாட்டம். போனில் சொன்னால் பாதியிலேயே ஏசத் தொடங்கிவிடுவாய், கடிதம் என்றால் முடியும்வரை வாசித்துத்தானே ஆகவேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடைய ஞாயிறு நாலு மணி வகுப்பு உனக்குத் தெரியும், நம் பிளற்ஸ் பிள்ளைகள் ஆறு பேர். அம்மா போன பிறகு இந்த வீட்டுக் கதவு மணி அடிப்பது அந்த நேரம் மட்டும்தான். உயிரோடு காட்டாமல் விஞ்ஞானம் படிப்பிக்க எனக்கு வராது. கப்பி மீன் தொட்டி இருந்தது, பூச்சாடித் தட்டில் தேங்கின தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பியும் இருந்தது, குடம்பிகளை அள்ளி ஒரு ஜாம் போத்தலில் விட்டு அம்மாவின் பழைய நைலெக்ஸ் சேலைத் துண்டால் வாயைக் கட்டினேன். பாதிக் குடம்பி மீனுக்கு, மீதி வளர்ந்து பறப்பதைப் பார்க்க. கீழ்மாடி ரிஸ்லாவின் மகள் அம்னா, ஒன்பது வயது, பெரிய கெட்டிக்காரி, தானே ஒரு கடதாசியில் “நுளம்பு வளர்ப்பு, மாஸ்டர் வீடு, மூன்றாம் மாடி” என்று அழகாக எழுதி ஒட்டினாள். அடுத்த ஞாயிறு ஒரு நுளம்பு கூட்டுப்புழுக் கோதை உடைத்து வெளியே வந்தது. பிள்ளைகள் கெஞ்சினார்கள் என்று துணியை அவிழ்த்தேன், அது பறந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன், என் புத்தியைப் பார். பல்லி பிடிக்கும், உணவு வலை பூர்த்தியாகும் என்று நினைத்தேன். பல்லி அசையவே இல்லை.

வியாழக்கிழமை அம்னாவுக்குக் காய்ச்சல். டெங்கு. களுபோவில ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். உடனே சுகாதாரப் பரிசோதகர், நம் பி.எச்.ஐ. மகத்தயா, நுளம்பு தேடி வீடு வீடாக வந்தார், என் வீட்டில் அவருக்குத் தேட வேலையே இருக்கவில்லை, பெயரும் மாடியும் எழுதிய போத்தல். கடதாசியை இரண்டு தரம் பக்கத்து வீட்டாரைக் கொண்டு வாசிப்பித்துவிட்டு, அங்கிள் நீங்களே வளர்க்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டு, என் வயதைப் பார்த்து எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். வாசலில் பிளற்ஸே நின்று பார்த்தது.

அது என் நுளம்பாக இருக்க முடியாது மகள். நுளம்பு டெங்குக்காரர் ஒருவரைக் கடித்து, கிருமி அதன் உடம்பில் பெருக ஏழெட்டு நாளுக்கு மேல் செல்லும், நாலு நாளில் நடக்காது. இதை நானே எத்தனை வகுப்புக்குப் படிப்பித்தவன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டு நின்ற தாய்க்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு சேலைத் துண்டில் ஓட்டை இருந்ததா, முதலே ஒன்று இரண்டு போயிருக்குமா என்று துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறேன். எனக்குக் கண்ணும் சரியில்லை.

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று மூன்று தம்பிலி இளநீர் வாங்கிக்கொண்டு போனேன். ரிஸ்லா மரியாதையாக வாங்கினாள், உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. பின்னால் இருந்து அம்னா, மாஸ்டர், கப்பி குஞ்சு போட்டிட்டுதா என்று கேட்டது. நான் வாய் திறக்க முதல் தாய் கதவை மெதுவாகச் சாத்தினாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை, நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய்.

வகுப்பு நின்று நாலாவது ஞாயிறு இது. ஒருவரும் வரவில்லை. பழக்க தோஷத்தில் பிள்ளைகளின் கதிரை ஆறையும் போட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தனிமை பெரிய பாடாக இருக்கிறது, இதை நான் உனக்கு முன்பு சொன்னதில்லை. நீ பயந்து டிக்கெற் போடவேண்டாம், சின்னவனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அவனுக்குத் தலைக்கு நல்லெண்ணெய் வை, மருமகனோடு சண்டை பிடிக்காதே. உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம், பிள்ளையார் துணை.

ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த ஞாயிறு இங்கே நாலு மணிக்கு வீடியோ கோல் எடு, உங்களுக்கு அது காலைதான், சின்னவனையும் பக்கத்தில் இருத்து. கப்பி பதினொரு குஞ்சு போட்டிருக்கிறது. தாய் மீன் தின்னாமல் வேறு போத்தலில் பிரித்து வைத்திருக்கிறேன். காட்ட ஒருவரும் இல்லை.

உன் அன்பு அப்பா,
ஸ்ரீஸ்கந்தராசா