கிணற்றுக்குள் வந்த வேர்

1968 யூலை 2

கிணற்றுக் கட்டில் இன்னொரு கல் பெயர்ந்து விழுந்துவிட்டது. இடுக்கு முழுக்க வேர். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆழ்வாப்பிள்ளையின் மாமரந்தான், வேறென்ன? அவனுக்கு என்னிலும் குறைந்த படிப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வரவேண்டிய தலைமை ஆசிரியர் கதிரையை எடுத்தான். இப்போது இந்த மடத்துவெளி ஊரில் அருமையாய்க் கிடைக்கும் நல்ல தண்ணீரையும் எடுக்கிறான். அவனுக்குப் பதவி வந்த கிழமையே வேலிப் பொட்டை அடைத்துவிட்டேன். இரண்டு வீட்டாரும் நுழைந்து போய்வந்த வழி அது. வேரை அடைக்க முடியவில்லை.

யூலை 9

நயினாதீவுக் கோயில் தேர். ஆழ்வாப்பிள்ளை வீட்டார் விடியவே வள்ளத்துக்குப் போய்விட்டார்கள். என் மனைவி நாகமுத்துவும் அவர்களோடுதான் போனாள். அவளுக்கு என் பகை தொற்றவில்லை.

செய்துவிட்டேன். வேலியைப் பிரித்து நுழைந்து, மாமரத்தின் அடிமண்ணைக் கிளறி, நாலு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிவர உரித்தேன். மண்ணைத் திரும்ப அணைத்துச் சருகு பரப்பினேன். உள்ளே காழ் இருக்கிறது, தண்ணீர் மேலே ஏறும். பட்டையோடு உரியம் போய்விட்டது, இலை ஆக்கும் உணவு வேருக்கு இறங்காது. வேர் பட்டினி கிடந்து சாகும். வருடக்கணக்காய்க் கரும்பலகையில் எழுதிய பாடம்.

கத்தியைக் கழுவி வைத்தேன்.

செப்ரெம்பர் 14

இலை இன்னும் பச்சை.

1969 சனவரி 20

மாமரம் பூத்திருக்கிறது. இலையே தெரியவில்லை. இத்தனை காலம் பேசாமல் இருந்த ஆழ்வாப்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டினான்.

"அம்பலவாணர், பாத்தீரோ? உம்மடை தாவரவியல் இதுக்கு என்ன சொல்லுது? இந்த முறை உமக்கும் ஒரு கடகம் மாம்பழம் இருக்கு!"

தலையாட்டினேன். சொல்லியிருக்கலாம்: கீழே இறங்க வழியில்லாத உணவு மேலே தேங்குகிறது, அதுதான் இந்தப் பூ. சாகப்போகிற மரம்.

அவன் எதற்கு என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்?

பெப்ரவரி 5

எழுதக் கூசுகிறது.

மேல்வகுப்புக்கு வேரின் குறுக்குவெட்டு. கிணற்று இடுக்கிலிருந்தே ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போனேன். "இது மாவேர், இருவித்திலை, பாருங்கோ" என்று சொல்லி, சவர அலகால் மெல்லிதாய்ச் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்தேன். முதலில் பார்த்தவள் மீனாம்பிகை, ஆழ்வாப்பிள்ளையின் மகள். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"மாஸ்ரர், இது மாவேர் இல்லைப் போல கிடக்கு. காழ் வட்டமாய் நிறைய நிக்குது. நடுவிலை மையவிழையம் பெரிசு. ஒருவித்திலையெல்லே?"

"அப்ப மாஸ்ரற்றை மாமரம் தேங்காய் காய்க்கும்!" என்றான் பின்வாங்கில் இருந்த ஒருவன். வகுப்பே சிரித்தது.

குனிந்து பார்த்தேன். தென்னை. என் கிணற்றடித் தென்னை. எனக்கு உத்தியோகம் கிடைத்த வருடம் என் கையால் நட்டது. கல்லிடுக்கில் கொத்துக்கொத்தாய், ஒரே பருமனாய், நார்வேர்! வெட்டவே தேவையில்லை, பார்த்தாலே சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஆழ்வாப்பிள்ளைதான் தெரிந்தான்.

பெப்ரவரி 6

"என்னப்பா, சோத்தைத் தொடேல்லை? ஆரும் செத்துப்போச்சினமோ?" என்றாள் நாகமுத்து.

இன்னும் இல்லை என்றேன்.

பெப்ரவரி 8

ஒரு வழி இருக்கிறது. அதே மரத்தின் இளந்தண்டுகளை வெட்டி, காயத்துக்கு மேலேயுள்ள பட்டையிலும் கீழேயுள்ள பட்டையிலும் முனைகளைச் செருகி, பட்டைக்கு அடியில் வளரும் மாறிழையமும் மாறிழையமும் தொடும்படி கட்டினால், பாலத்தால் போவதுபோல் உணவு கீழே இறங்கும். பிடித்தால்.

ஆனால் கட்டு வெளியே தெரியும். மண்ணால் மூட முடியாது. களவாய் வெட்டியாயிற்று, களவாய் ஒட்ட ஏலாது.

பெப்ரவரி 9

அவர்கள் வீட்டு வாசல் படலையால் போனேன். ஆழ்வாப்பிள்ளை சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பினான். நான் மரத்தடியில் குந்தி மண்ணை விலக்கினேன். வளையத்தை வெகுநேரம் பார்த்தான்.

"எலி அரிச்சதோ?"

"கத்தி."

"ஆற்றை கத்தி?"

"என்ரை."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஏன் காணும்?" என்றுதான் கேட்டான்.

கிணற்றைச் சொன்னேன். தென்னையையும் சொல்ல வேண்டியிருந்தது. விறாந்தையில் மீனாம்பிகை நின்றாள். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

"அப்ப இந்தப் பூவெல்லாம்...?" என்றான் ஆழ்வாப்பிள்ளை.

"ஓம். அதாலைதான். பூவை முறிச்சால்தான் மரத்துக்குச் சீவன் மிஞ்சும்."

அவனே ஏறி முறித்தான். கீழே நின்ற என் தலையில் பூங்கொத்துகள் விழுந்தன. நான் நாலு இளந்தண்டு வெட்டிச் செருகிச் சணலால் கட்டி முடிக்கும்வரை மரத்தடியில் தண்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு, "போம்," என்றான்.

ஏப்ரல் 2

மூன்று தண்டு காய்ந்துவிட்டதாம். ஒன்றில் மொட்டு உப்பியிருக்கிறதாம். மீனாம்பிகை வகுப்பு முடிந்து வந்து, நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். என் கண்ணைப் பார்க்கக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

ஓகஸ்ட் 17

வேலியடைப்பு. இந்த வருடம் அவர்கள் முறை. பின்னிய தென்னோலைக் கிடுகோடு நின்ற கூலியாள், "பொட்டு விடுறதோ, அடைக்கிறதோ?" என்று பொதுவாய்க் கேட்டான்.

அந்தப் பக்கமிருந்து ஆழ்வாப்பிள்ளையின் குரல்:

"விடு. ஒட்டு ஒண்டு பிடிச்சிருக்கு, கட்டு இறுக்குது. அவிழ்க்க மாஸ்ரர் வரவேணும்." கொஞ்சம் பொறுத்து, "பெரிசாய் விடாதை. குனிஞ்சு வரட்டும்."

பின்னேரம் குனிந்து போனேன்.