குளத்தில் நின்ற கன்றுகள்

ராய்ஸ்,

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவதுபோல வலிக்கிறது. நீ தூங்கும்போதே எழுந்து, உன் அப்பா விதைத்த ஃபெஸ்க்யூ புல்வெளியிலிருந்து கன்றுகளைத் தனி ஒருத்தியாக ஓட்டிப்போய் ரைகிராஸ் புல் வயலில் விட்டுவிட்டேன். கத்தாதே, முழுக்கப் படி.

நேற்று அவை வயிறளவு குளத்துத் தண்ணீரில் நின்றதைப் பார்த்து, "நீச்சல் பழகுதுங்க, விடுடி" என்று சிரித்தாய். இளவெயிலுக்கே வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் அது விளையாட்டில்லை. அந்த ஃபெஸ்க்யூ புல்லுக்குள் இருக்கும் பூஞ்சை உடம்பைக் கொதிக்க வைக்கிறது, அதனால்தான் தண்ணீரில் போய் நிற்கின்றன. கதிர் விடும்போது இன்னும் மோசம். பால் மறந்த கன்று அதைத் தின்றால் சதை பிடிக்காது. குளத்தில் நின்றே எடை ஏறுமென்றால் முதலில் உன்னைத்தான் இறக்கிவிடுவேன், ஒல்லிக்காலா.

"எங்கப்பா காலத்துல எந்தக் கன்னு செத்துச்சு?" என்பாய். சாகவில்லை. எலும்பும் தோலுமாகச் சந்தைக்குப் போனது.

ரைகிராஸை அறுத்துக் காயவைக்க நினைத்திருந்தாய், தெரியும். கன்று தேறாவிட்டால் காய்ந்த புல் யாருக்கு?

அந்த வயலில் குளோவர் தீவனச்செடியும் கலந்திருக்கிறது, அதைத் தின்றால் வயிறு உப்பலாம். மதியம் போய் இடது விலாவைப் பார். உப்பியிருந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடு.

பீன்ஸும் பன்றிக்கறியும் அடுப்பில் இருக்கின்றன. சோளரொட்டி துணிக்கு அடியில். நான் பள்ளிக்கூடச் சமையலுக்குக் கிளம்புகிறேன்.

வெர்னா

மறந்துவிட்டேன்: சாயங்காலம் உன் தம்பி ஆர்லோ சாப்பிட வருகிறான். அவன் காதுபட "வெர்னா சொன்னதுதான் சரி" என்று ஒரே ஒரு தடவை சொல். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஒரு வாக்கியம் நீ எனக்குப் பாக்கி.