ஏகமனதாக நிறைவேறியது

மாப்ள,

உன் முதலாம் ஆண்டு நினைவு போஸ்டரை இன்று காலை பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். இருபது வயதில் நீயும் நானும் ஒரே வாளியில் கை விட்டு ஒட்டியவர்கள். உன் படம் எத்தனை பெரிது என்று கண்ணால் அளந்து பார்த்துவிட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது. செத்தவன் மேலும் பொறாமைப்படுகிறவன் நான். உனக்குத் தெரியாததா?

கட்சியில் நீ பேசுவாய், நான் எழுதுவேன். சாணார்பட்டிப் பக்கம் கூட்டம் என்றால் நீ மைக்கைப் பிடித்த பிறகுதான் ஜனம் உட்காரும். மாவட்டத் தீர்மானங்களெல்லாம் என் கையெழுத்து. வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். நான் நோட்டில் ‘பலத்த கரவொலியுடன் ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதிவிடுவேன். நம் கட்சியில் ஓட்டெடுப்பு என்பதே அதுதான். எனக்கு விழுந்தது கடமைக்குத் தட்டிய கை, உனக்கு விழுந்தது மனசாரத் தட்டியது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

எல்லையில் சண்டை நடந்த வருஷம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்டப் பொதுக்குழு. போரை வரவேற்றும், வெளிநாட்டு எண்ணெயை இறக்குமதி செய்யும் கொள்கையை ஆதரித்தும் நான் எழுதிய தீர்மானத்தை மாவட்டச் செயலாளர் வாசித்தார். யாரும் கைதட்டுவதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

“செத்த நேரம் பொறுங்கண்ணே. சண்டைய ஆதரிச்சுத் தீர்மானம் போடுறோமே, இந்த மண்டபத்துல யாரு வீட்டுப் பிள்ளை பட்டாளத்துல இருக்கு? எங்க ஊர்ல மூணு பேரு இருக்கான். மூணு பேரும் கடலை போட்டு நொடிச்சுப்போன வீட்டுப் பிள்ளைக. வெளிநாட்டு எண்ணெய் வந்து கடலைக்கு வெல இல்லாமப் போயித்தான் போனானுக. காட்ட விட்டும் வெரட்டிட்டு, எல்லையில போய்ச் சாகவும் சொல்றோம். நான் இதுக்குக் கை தட்ட மாட்டேன்.”

பின்வரிசையில் ஆரம்பித்து மண்டபம் முழுக்கக் கைதட்டல். செயலாளர் பழக்க தோஷத்தில் “தீர்மானம் நிறைவேறியது” என்று மைக்கில் சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். அவர் பழக்கத்தில் செய்தார். நான் தெரிந்தே செய்தேன். உனக்கு விழுந்த கைதட்டலை என் தீர்மானத்துக்கு எழுதிக்கொண்டேன். நீ எழுந்து பேசியதாக ஒரு வரிகூட எழுதவில்லை.

கூட்டத்துக்குள் எதிர்த்துப் பேசி அது நோட்டில் ஏறிவிட்டால், அதையே வெளியில் பேசினாலும் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பது நம் கட்சி விதி. அடுத்த மாதம் வத்தலகுண்டு பொதுக்கூட்டத்தில் நீ அதையே பேசினாய். உள்ளே சம்மதித்துவிட்டு வெளியே எதிர்க்கிறான் என்று என் நோட்டைக் காட்டித்தான் உன்னை நீக்கினார்கள். ஒன்றியச் செயலாளர் பதவி போனது. உனக்கென்று பேசி வைத்திருந்த தொகுதியும் போனது.

நேரே என் வீட்டுக்கு வந்தாய்.

“ரெண்டு வரி எழுதியிருக்கலாம்ல மாப்ள?”

“கை தட்டுனாங்கல்ல, அதத்தான் எழுதுனேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். “சரி விடு, காப்பி போடச் சொல்லு” என்றாய். என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அன்றோடு என் வயிற்றெரிச்சல் அடங்கியிருக்கும். அந்தப் பெருந்தன்மையும் உனக்கே வாய்த்ததே என்று இன்னும் எரிந்தது.

பிறகு நான் மாவட்டத் துணைச் செயலாளர் ஆனேன். டீக்கடையில் எனக்கு வணக்கம் வைத்தார்கள். எல்லாம் போன உனக்கு எழுந்து இடம் விட்டார்கள். அதை எதிர்க் கடையிலிருந்து எத்தனை நாள் பார்த்திருக்கிறேன் தெரியுமா?

இன்று சாயங்காலம் உன் மகள் வந்தாள். நீ பேசியதையெல்லாம் ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

“அப்பா அன்னிக்கி மண்டபத்துல பேசுனது கட்சி நோட்டுல இருக்கா மாமா?”

“இல்லம்மா. எழுதிக்க, நான் சொல்றேன்.”

முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை சொன்னேன். நான் எழுதிய தீர்மானத்தில் ஒரு வரிகூட இன்று எனக்கு ஞாபகமில்லை. உன் பேச்சு மட்டும் இத்தனை வருஷமாக உள்ளேயே கிடக்கிறது. அவள் தலை நிமிராமல் எழுதினாள்.

“அம்புட்டும் ஞாபகம் இருக்கே. அப்ப ஏன் மாமா நீங்க எழுதல?”

“பொறாமைம்மா” என்றேன்.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.